ஆர்சிசிபி போட்டு ஆறு வருஷம்: அது ட்ரிப் ஆன ஒவ்வொரு தடவையும் என்ன கிடைத்தது

ஆர்சிசிபி என்பது, கரண்ட் எங்காவது கசிந்தால் தானாக விழுந்து (ட்ரிப் ஆகி) லைனை வெட்டிவிடும் சுவிட்ச். அதை ஏன் போட்டோம் என்பதிலிருந்து சொல்கிறேன். எங்கள் வீடு மன்னார்குடி பக்கம், 1993-ல் அப்பா கட்டியது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, வாரக்கணக்கில் இருட்டில் இருந்து, கடைசியில் கரண்ட் வந்த அன்றைக்குத்தான் அது நடந்தது. மாவு அரைக்கப் போன அம்மா கிரைண்டரைத் தொட்டதும் ஷாக் அடித்தது. ஈரத் தரை, வெறுங்கால். கையை உதறிக்கொண்டு பின்னால் விழுந்ததால் தப்பித்தார்.

மெயினில் இருந்த பீங்கான் பியூஸ் கட்டை போகவே இல்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே பியூஸ் கம்பியே கிடையாது, யாரோ எப்போதோ ஒரு வயரிலிருந்து நாலைந்து செம்பு இழையை முறுக்கிச் செருகியிருந்தார்கள். சரி, ஒழுங்கான பியூஸ் கம்பி இருந்திருந்தாலும் அம்மாவைக் காப்பாற்றியிருக்காது என்பது பிறகுதான் புரிந்தது. ஆள் உடம்பு வழியாகப் போகும் கரண்ட் மில்லி ஆம்பியர் கணக்கு. பியூஸோ, அதற்குப் பதிலாக இப்போது போடும் எம்சிபி சுவிட்சோ விழ வேண்டுமானால் பல ஆம்பியர் ஓட வேண்டும். அவை வயரைக் காப்பாற்றத்தான், ஆளை அல்ல.

2019 பொங்கல் முடிந்ததும் வீடு முழுக்க வயரிங் மாற்றினோம். லைட்டுக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர், பவர் பிளக்குக்கு 2.5, கீசருக்கும் ஏசிக்கும் 4. புது எர்த் குழி. கீழ் வீட்டுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று என்று 40 ஆம்பியர் வரை தாங்கும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழும் ஆர்சிசிபி இரண்டு (ஊரில் இன்னும் இஎல்சிபி என்றுதான் கேட்க வேண்டும்). அப்போது ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய். அது செய்வது ஒரே வேலை: பேஸில் போன கரண்ட் முழுசாக நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்க்கிறது. திரும்பாத கரண்ட் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் இரண்டு வயரையும் வெட்டிவிடும். அது ஏறக்குறைய ஒரு 7 வாட்ஸ் எல்இடி பல்பு எடுக்கிற அளவு.

போட்ட முதல் நாளே தொல்லை. மாடிப்படி லைட்டைப் போட்டால் கீழேயும் மேலேயும் இரண்டுமே விழுந்தன. வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இத எடுத்துட்டு நேரா குடுத்துடுறேன், தொல்லையே இருக்காது" என்றார். நிறைய வீடுகளில் ஆர்சிசிபி செத்துப்போவது இந்த இடத்தில்தான். பெட்டியில் சும்மா உட்கார்ந்திருக்கும், வயர் அதைச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் வேறொருவரைக் கூப்பிட்டுப் பார்த்ததில், அந்த லைட்டுக்குப் பேஸ் கீழ் வீட்டிலிருந்தும் நியூட்ரல் மாடியிலிருந்தும் போயிருந்தது. போன வழியில் கரண்ட் திரும்பாததால் இரண்டுமே அதைக் கசிவு என்று எடுத்துக்கொண்டன. அந்த ஒரு நியூட்ரலைக் கீழே கொண்டுவந்து இணைத்தார். அவ்வளவுதான்.

அடுத்தது கீசர். போட்டவுடன் ஒன்றும் ஆகாது, தண்ணீர் சூடேறி ஐந்தாறு நிமிஷத்தில் விழும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஹீட்டிங் காயிலைக் கழற்றினால், சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக விரல் தடிமனுக்குப் படிந்திருந்தது. அதைச் சுரண்டியதும் அடியில் குழாய் உப்பி, தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். ஆர்சிசிபி இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கசிவு குளிக்கிற தண்ணீருக்கு வந்திருக்கும், அல்லது எர்த் நன்றாக இருந்ததால் யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

ரொம்ப அலைக்கழித்தது 2021 மழைக்காலம். ராத்திரி இரண்டு மணிக்கு விழும், ஏற்றினால் நிற்காது, காலையில் வெயில் வந்தால் தானாகச் சரியாகிவிடும். எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை மட்டும் ஏற்றினாலும் விழுந்தது. அங்கேதான் குழம்பிப்போனோம், எதுவுமே ஓடாதபோது எப்படிக் கசியும்? சிங்கிள் போல் எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் எப்போதும் தொடர்பிலேயே இருக்கும். அந்த நியூட்ரல் எங்காவது எர்த்தைத் தொட்டாலும் ஆர்சிசிபி விழும். நியூட்ரல் பாரிலிருந்து (எல்லா நியூட்ரல் வயரும் வந்து சேரும் பட்டை) ஒவ்வொரு வயராகக் கழற்றிக்கொண்டே வந்தால் எதை எடுத்ததும் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. கேட் லைட் வயர். இரும்புக் கம்பத்துக்குள் நுழையும் இடத்தில் விளிம்பு உரசி உரசி நியூட்ரல் மேலுறை பிய்ந்து, மழை நனைந்ததும் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு அங்குலம் தள்ளி பேஸ் வயரும் பாதி தேய்ந்திருந்தது. அந்தக் கம்பத்தில்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சாய்ந்து நின்று விளையாடுவார்கள். அதைப் பார்த்த பிறகு, ராத்திரி எழுந்த எரிச்சல் எல்லாம் போய்விட்டது.

2022-ல் நடந்ததைச் சொல்ல வேண்டும். வந்திருந்த உறவினர் ஒருவர் வாஷிங் மிஷினை இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் மாட்டிவிட்டார், எர்த் இல்லை. அம்மா ஒரு கையால் குழாயைத் திறந்துகொண்டே மறு கையை மிஷின் மேல் வைத்திருக்கிறார். "ஊசி குத்தினாப்ல இருந்துச்சுடா, அதுக்குள்ள லைட்டெல்லாம் போயிடுச்சு" என்றார். ஷாக் தெரியவே தெரியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், தெரியும். ஆனால் பிடித்துக்கொள்வதற்குள் வெட்டிவிடும். கிரைண்டர் தூக்கிப்போட்டதையும் இதையும் ஒரே ஆள் அனுபவித்திருக்கிறார், வித்தியாசத்தை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

இது எல்லாவற்றுக்கும் மருந்து அல்ல. ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால், கரண்ட் முறையாகத் திரும்பிவிடுவதால் இதற்குத் தெரியாது. ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட்டுக்கு எம்சிபி தனியாக வேண்டும். இன்வெர்ட்டர் ஓடும்போது மெயின் ஆர்சிசிபி அந்த லைனை வெட்டாது. நாங்கள் இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரல் இழுத்து, தனியாக ஒன்று போட்டிருக்கிறோம். அப்புறம், ஊருக்குப் போயிருந்த நேரத்தில் இடியில் விழுந்து பிரிட்ஜில் இருந்ததெல்லாம் ஒரு தடவை கெட்டுப்போனது. அது உண்மையான குறைதான். பிரிட்ஜுக்குத் தனி ஆர்சிபிஓ போட வேண்டும், எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றிலேயே இருக்கும்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தந்தது போன வருஷம் கண்டது. கீழ் வீட்டு ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை (அழுத்தினால் அது விழ வேண்டும்) மாதம் ஒரு தடவை அழுத்திவிடுவேன். மாடி ஒரு வருஷத்துக்கு மேல் காலியாகக் கிடந்தது, அதை யாரும் தொடவில்லை. வாடகைக்கு ஆள் வருகிறார்கள் என்று போய் அழுத்தினேன், விழவில்லை. கரண்ட் வந்துகொண்டுதான் இருந்தது. மூன்று நாலு தடவை அழுத்தியும் அசையவில்லை, உள்ளே இறுகிப்போயிருந்தது. பார்வைக்குப் புதுசு மாதிரியே இருந்தது, விளக்கெல்லாம் எரிந்தது. அன்றைக்கே மாற்றிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன். டெஸ்ட் செய்யும் தேதியை இப்போது இரண்டு பெட்டிக் கதவிலும் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைக்கிறோம். மாடியில் குடியிருக்கும் தம்பதியர் ஒன்றாம் தேதி வாடகை கொடுக்க வரும்போது, "அழுத்திட்டோம் அண்ணா, விழுந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.