கைக்குழந்தையோடு முதல் பண்டிகைக் காலம்: பேபி கேரியர் எப்படி உழைத்தது?

குழந்தை பிறந்தபின் வரும் முதல் பண்டிகைக்கு என்ன வாங்கி வைக்கலாம் என்று தோழிகள் கேட்டால், நான் யோசிக்காமல் சொல்வது நெஞ்சோடு சேர்த்துப் பூட்டிக்கொள்ளும் பேபி கேரியரைத்தான். புதுச் சட்டையையும் கிலுகிலுப்பையையும் வருகிற விருந்தினர் ஆளுக்கொன்று கொண்டுவந்துவிடுவார்கள். பெற்றவளின் கைகளைக் கொஞ்ச நேரம் விடுவிக்கும் பொருளை யாரும் கொண்டுவருவதில்லை. அதை நாமே பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

எங்கள் மகளுக்கு அப்போது மூன்று மாதம் முடிந்திருந்தது. கழுத்து இன்னும் முழுதாக நிற்கவில்லை. உறவினர் வீடு, பயணம், எங்கள் வீட்டுக்கு வந்துபோன விருந்தினர் என்று அந்த விடுமுறை முழுவதும் ஓயாமல் போனது. வெளியே கிளம்பியபோதெல்லாம், வீட்டில் கூட்டம் நிறைந்தபோதெல்லாம் கேரியரை அணிந்துகொண்டேன்.

நான் வாங்கியது இடுப்பில் அகலமான பட்டை, தோள்களில் பஞ்சு வைத்த இரண்டு வார்கள், முன்னால் குழந்தை உட்காரும் துணி இருக்கை, தலையைத் தாங்க ஒரு மடல் என்று அமைந்த வகை. பிளாஸ்டிக் பக்கிள்கள் எல்லாவற்றையும் பூட்டுகின்றன. பல நிறுவனங்கள் கிட்டத்தட்ட இதே அமைப்பில்தான் தயாரிக்கின்றன. அதனால் நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு, இந்த வகையைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் இதன் பெரிய நன்மை. பண்டிகை வீட்டில் கைக்குழந்தை ஒரு மடியில் தங்குவதில்லை. எல்லாம் பாசம்தான், ஆளுக்கு ஐந்து நிமிடம்தான். ஆனால் மூன்று மாதக் குழந்தைக்கு ஒவ்வொரு மடியும் ஒரு புது முகம், புது வாசனை, புதுக் குரல். போதும் என்று அவளால் சொல்ல முடியாது. முகத்தைத் திருப்பிக்கொள்வாள், கொட்டாவி விடுவாள், விரல்களை விறைப்பாக விரிப்பாள். கூட்டத்தில் அதை யார் கவனிப்பது? மாலையில் அவள் அழத் தொடங்கும்போது, “பசிக்கிறது போல” என்று எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

கேரியரில் இருந்தபோது இது தலைகீழானது. வந்தவர்கள் எல்லோரும் அருகில் வந்து பார்த்தார்கள், பாதத்தைத் தொட்டுக் கொஞ்சினார்கள், பேச்சுக் கொடுத்தார்கள். அவளும் கண்ணை அகல விரித்து வேடிக்கை பார்த்தாள். போதுமென்று தோன்றியதும் கன்னத்தை என் நெஞ்சில் பதித்து முகத்தைப் புதைத்துக்கொண்டாள். விலகிக்கொள்ள அவளுக்கு ஓர் இடம் கிடைத்தது. அந்தப் பருவத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் சுதந்திரம் அதுதான் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

எனக்கும் யாரையும் மறுத்துப் பேச வேண்டியிருக்கவில்லை. என் பெரியம்மா ஆசையாகக் கை நீட்டியபோது, “இப்போதுதான் கண் அசந்தாள் பெரியம்மா. எழுந்ததும் முதலில் உங்கள் மடிக்குத்தான் வருவாள்” என்றேன். “தூங்கட்டும் கண்ணு, எழுப்பிவிடாதே” என்று அவரே மற்றவர்களையும் தள்ளி நிற்கச் சொன்னார். அவள் எழுந்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் அவர் மடியில்தான் இருந்தாள்.

கை கழுவுவதை நான் எல்லோரிடமும் கேட்டேன், கூச்சப்படாமல் கேட்டேன். பெரியவர்களுக்கு வெறும் சளி, இருமலாக வருவது சில மாதக் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரை போகலாம். தடுப்பூசித் தவணைகள் முடியாத குழந்தைகளுக்குக் கக்குவான் இருமல் மிக ஆபத்தானது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடல் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், பண்டிகையானாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கேரியர் கிருமியைத் தடுக்கும் கவசம் அல்ல. பக்கத்தில் ஒருவர் இருமினால் அந்தக் காற்றுதான் குழந்தைக்கும். முகத்தோடு முகம் வைத்து முத்தமிடுவதையும், வாய்க்குள் விரல் வைப்பதையும் அது குறைத்தது. அந்த அளவுக்கே அதை நம்பினேன்.

அழுகையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நம்பித்தான் பலர் கேரியர் வாங்குகிறார்கள். 1986இல் பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அழும்போது மட்டுமல்லாமல் மற்ற நேரத்திலும் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த குழந்தைகள், ஆறு வார வயதில் மற்றக் குழந்தைகளைவிட 43 சதவீதம் குறைவாக அழுதார்கள் என்றது அந்த ஆய்வு. கேரியர் விற்பவர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஆனால் தீராத வயிற்று வலிக்காரர்போல ஓயாமல் அழும் குழந்தைகளை வைத்து 1991இல் செய்த அடுத்த ஆய்வில், அதிகம் தூக்கி வைத்திருந்ததால் அழுகை குறையவில்லை. ஆகவே உங்கள் குழந்தை ஏற்கெனவே மாலைதோறும் மணிக்கணக்கில் அழுகிறதென்றால், இதை ஒரு மருந்தாக எண்ணி வாங்க வேண்டாம். சாதாரணமாக இருக்கும் குழந்தை கூட்டத்தில் மிரளாமல் இருக்க உதவும். என் மகள் விஷயத்தில் அது உதவியது. கேரியரில் இருந்த மாலைகளில் அவள் சிணுங்கியதோடு சரி.

தூங்க வைப்பது எளிது. தூங்கிய குழந்தையைக் கேரியரிலிருந்து எடுத்துப் படுக்க வைப்பதுதான் பெரிய வேலை. பக்கிளைத் திறக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். எத்தனை மெதுவாகத் திறந்தாலும் வரும். நான் கண்டுபிடித்த வழி, பக்கிளை உள்ளங்கைக்குள் பொத்தி, தோளை அதன் பக்கம் சாய்த்து, வாரில் இழுவிசை இல்லாமல் தளர்த்திய பிறகு அழுத்துவது. அப்போது சத்தம் பாதியாகிறது. 2022இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வும் எனக்குக் கைகொடுத்தது. அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நடங்கள், தூங்கியபின் உடனே கிடத்தாமல் இன்னும் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்து உட்கார்ந்திருங்கள் என்கிறது அது. தாயின் உடலிலிருந்து பிரியும் கணத்தில்தான் குழந்தை விழிக்கிறது, தூக்கம் ஆழமாகிவிட்டால் விழிக்கும் வாய்ப்புக் குறைவு. உறவினர் வீட்டில் ஓர் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சில நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தது எனக்கும் ஓய்வாக இருந்தது. பிறகு மல்லாக்கப் படுக்க வைத்துவிடுவேன். நமக்கே கண் சொருகும்போது கேரியரில் குழந்தையை வைத்திருக்கக் கூடாது.

அணியும் முறையில் கவனம் வேண்டும். அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010இல் தோளில் தொங்கும் துணிப்பை வகைகளைப் பற்றி எச்சரித்தது. நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளை அவற்றில் வைக்கும்போது மிகவும் எச்சரிக்கையாக இருக்கச் சொன்னது. துணி மூக்கை அடைக்கலாம், அல்லது உடல் வளைந்து தாடை மார்பில் அழுந்தி மூச்சுப் போகும் வழி குறுகலாம். குழந்தைக்கு அப்போது அழக்கூட முடியாது. பக்கிள் வகையிலும் இதே விதிதான். குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் தலை இருக்க வேண்டும். முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும். தாடைக்கும் மார்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். குளிருக்காக மேலே சால்வை போர்த்தி முகத்தை மூடிவிடுகிறோமே, அதை நான் யாரையும் செய்ய விடவில்லை.

கால்கள் தொங்கவும் கூடாது. தொடை முழுவதும் துணியில் தாங்கி, முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்றே உயர்ந்து, குழந்தை தவளை உட்கார்வதுபோல் இருக்க வேண்டும். இளம் குழந்தையின் இடுப்பு மூட்டுக் கிண்ணம் பெரும்பாலும் குருத்தெலும்புதான். கால்களை நேராக நீட்டிச் சேர்த்து வைத்தால் மூட்டு விலகும் அபாயம் கூடுகிறது. கேரியரின் இருக்கை அகலத்தைக் குழந்தையின் அளவுக்குக் குறைக்கவும் கூட்டவும் முடிகிறதா என்று வாங்கும்போது பாருங்கள். என்னுடையதில் ஒட்டுப்பட்டையால் மாற்றிக்கொள்ள முடிந்தது. வளர வளர இரண்டு முறை அகலமாக்கினோம்.

இனிக் குறைகள். முதல் குறை, பின்கழுத்துக்குக் கீழே இரு தோள்வார்களையும் இணைக்கும் அந்தச் சின்னப் பக்கிள். அதைத் தனியாக மாட்டுவது பெரும்பாடு. பிரசவத்துக்குப் பிறகு பல தாய்மாருக்கு மணிக்கட்டு வலி வருவதுண்டு. அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, கண்ணுக்குத் தெரியாத ஒரு பக்கிளைத் தேடிப் பூட்டச் சொல்வது யார் வரைந்த வடிவம் என்று எனக்கு இன்றும் கோபம் வருகிறது. புதுத் தாய்க்கென்று செய்யும் பொருளில் இது இருக்கவே கூடாது. பக்கிளை முன்கூட்டியே மாட்டி, சட்டையைப் போலத் தலைவழியாக நுழைத்துக்கொள்வது ஒரு வழி. வார்களை முதுகில் குறுக்காகப் போட்டு அணியும் வகையாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. இனி ஒன்று வாங்கினால் அப்படித்தான் வாங்குவேன்.

எனக்கு அறுவைச் சிகிச்சைப் பிரசவம். இடுப்புப்பட்டை சரியாகத் தையல் தழும்பின் மேல் வந்து அழுத்தியது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, பட்டையைத் தொப்புளுக்கு மேலே ஏற்றிக் கட்டினேன். அப்போது குழந்தையும் சற்று மேலே வந்தாள், தலை முத்தமிடும் உயரத்துக்கு இன்னும் சரியாக இருந்தது.

சூடு இரண்டாவது பெரிய குறை. இரண்டு உடல்கள் ஒட்டியிருக்கின்றன, நடுவே தடித்த துணி, சுற்றிலும் ஆட்கள் நிறைந்த அறை. கேரியரையே ஓர் உடையாகக் கணக்கிட்டு, குழந்தைக்கு ஓர் அடுக்கைக் குறைக்க வேண்டும். பிடரியில் விரல் வைத்துப் பார்ப்பேன். ஈரம் தட்டினால் உடனே வெளியே எடுத்துவிடுவேன். அதனால் உறவினர்கள் ஆசையாகக் கொடுத்த பட்டுச் சட்டைகளை அவளால் அணிய முடியவில்லை. வலைத்துணி வைத்த கேரியர்கள் கொஞ்சம் பரவாயில்லை என்கிறார்கள் அவற்றை வைத்திருக்கும் தோழிகள்.

கேரியரிலேயே பால் கொடுக்கலாம் என்று பெட்டியில் படம் போட்டிருந்தார்கள். நான் கொடுக்கவில்லை. வாரைத் தளர்த்தி இறக்கினால் குழந்தையின் கழுத்து மடங்குகிறது, ஒரு கை அங்கேயே இருக்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு மூலையில் நிம்மதியாக உட்கார்ந்து கொடுப்பதே மேல். பண்டிகை வீடென்றால் நான்கு பேர் அடுப்படியில் நிற்கும்போது நாமும் போய் நிற்கத் தோன்றும். குழந்தையைக் கட்டிக்கொண்டு அடுப்பருகே போகக் கூடாது. கொதிப்பது எதுவானாலும் தெறிக்கும் உயரத்தில்தான் அவள் பாதங்கள் இருக்கும். காரில் இருக்கைப் பட்டைக்கு மாற்றாகவும் இது ஆகாது. குழந்தைக்கான தனி இருக்கைதான் வேண்டும்.

துவைப்பது எளிது, காயத்தான் நேரம் எடுக்கிறது. குழந்தை சப்பும் இடத்தில் தோள்வார் மேல் ஒரு மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி வைத்தால் அடிக்கடி துவைக்க வேண்டாம்.

என் கணவர் முதலில் தயங்கினார். கூட்டத்தில் நான் களைத்திருந்த ஒரு மாலையில், “என்னிடம் பூட்டிவிடு, நீ போய் உட்கார்” என்றார். வார்களை அவர் அளவுக்குத் தளர்த்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்று நான் இரண்டு கைகளாலும் தட்டை ஏந்தி, சூடு ஆறும் முன்பே சாப்பிட்டேன். குழந்தை பிறந்த பிறகு அப்படிச் சாப்பிட்டது அதுவே முதல் முறை. அடுத்தடுத்த நாட்களில் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அப்பாவின் நெஞ்சில் அவள் இன்னும் சீக்கிரம் தூங்கினாள் என்பதை மகிழ்ச்சியோடு சொல்கிறேன். ஆகவே வாங்கும்போது இருவரும் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

எடை வரம்பையும் பாருங்கள். பல தயாரிப்புகள் 3.2 அல்லது 3.5 கிலோவிலிருந்துதான் பயன்படுத்தலாம் என்று குறிப்பிடுகின்றன. அதற்குக் குறைவாக இருக்கும் குழந்தைக்கும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம். முகம் வெளிப்பக்கம் பார்க்க உட்கார வைப்பது கழுத்து உறுதியாக நின்ற பிறகுதான். பண்டிகைக்கு முந்தின நாள் வாங்காதீர்கள். சில வாரம் முன்னதாகவே வாங்கி, வீட்டுக்குள் குழந்தை பசியில்லாமல் இருக்கும் நேரத்தில் பழக்குங்கள். அக்கா, அண்ணி வீட்டிலிருந்து கைமாறி வருவதாக இருந்தால், ஒவ்வொரு பக்கிளையும் பூட்டிப் பலமாக இழுத்துப் பாருங்கள், இடுப்புப்பட்டையும் தோள்வாரும் சேரும் இடங்களில் தையல் பிரிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கிளில் கீறல் தெரிந்தாலும் அந்தக் கேரியர் வேண்டாம்.