காந்தி மார்க்கெட்டா, கள்ளிக்குடியா, பஞ்சப்பூரா? திருச்சில மொத்த மார்க்கெட் எங்க இருந்தா யாருக்கு நல்லது

எங்க வீடு வரகனேரி. சின்னதா ஒரு மெஸ் நடத்துறோம். ஒரு நாளைக்கு நாப்பது அம்பது கிலோ காய் வேணும், அதனால காந்தி மார்க்கெட்ட மாத்தலாமா வேணாமான்னு யாரு ஆரம்பிச்சாலும் எனக்கு அது வெட்டிப்பேச்சு இல்ல, விடியக்காலைல நாலு மணிக்கு வண்டிய எந்தப் பக்கம் திருப்புறதுங்கிற விஷயம். பல வருஷமா இந்தப் பேச்சு ஓடுது. தில்லை நகர்க்காரங்க ஒண்ணு சொல்வாங்க, பாலக்கரைக்காரங்க வேற சொல்வாங்க, கே.கே. நகர்ல இருக்குறவங்களுக்கு பஞ்சப்பூர் பக்கம்ங்கிறதால அவங்க நியாயம் தனி. அவங்கவங்க வீட்டு வாசல்ல நின்னு பாத்தா எல்லாரும் சொல்றது சரியாத்தான் படுது. அதனால இருக்குற வழிய எல்லாம் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துரலாம்னு எழுதுறேன்.

முதல்ல இருக்குற இடம். காந்தி மார்க்கெட் 1868ல ஆரம்பிச்சது, 1927ல நகராட்சித் தலைவரா இருந்த பி. ரத்தினவேல் தேவர் காலத்துல பெருசாக்கி காந்தி பேர வெச்சாங்க. வாசல்ல முதல் உலகப்போர் நினைவுச் சின்னம் நிக்குது, அதச் சுத்தித்தான் தினமும் ஆட்டோ, குட்டியானை, தஞ்சாவூர் ரோட்டு பஸ், தள்ளுவண்டி எல்லாம் முட்டிக்கிட்டு நிக்கும். மாட்டு வண்டி வந்து போன காலத்துல போட்ட ரோடு, அதுல பத்து சக்கர லாரி திரும்பணும்னா எப்படி? ராத்திரில சரக்கு இறக்குறாங்க, விடியுறதுக்குள்ள லாரி வெளிய போயிரணும், ஒரு லாரி லேட்டானாலும் பாலக்கரை வரைக்கும் நிக்கும். மழை பேஞ்சா கேக்கவே வேணாம், அழுகுன முட்டைக்கோஸ் இலையும் சேறும் சேந்து கால வைக்க முடியாது, சிப்பத்த முதுகுல வெச்சுக்கிட்டு லோடுமேன் அண்ணன்ங்க அதுலதான் நடக்குறாங்க, வழுக்கி விழுந்தா அன்னிக்குக் கூலி போச்சு. இத எல்லாம் பாத்துட்டு மார்க்கெட்ட அப்படியே விட்டுரணும்னு என்னால சொல்ல முடியல.

ஆனா அந்த இடத்துக்கு ஒரு பலம் இருக்கு, அத வெளியூர்ல இருந்து பிளான் போடுறவங்க கவனிக்கிறதே இல்ல. காய், வாழைத்தார், பூ, மாம்பழ மண்டி, மளிகை எல்லாமே கூப்பிடு தூரம். இன்னிக்குக் கைல காசு இல்லன்னா மண்டிக்காரர் நோட்டுல எழுதிக்குவாரு, நாளைக்குக் குடுத்தாப் போதும். அந்த நோட்டுதான் எங்கள மாதிரி சின்ன யாவாரிங்களுக்கு பேங்க். தரைக்கடை போடுற அக்காங்க, கீரைக்கட்டு விக்கிற ஆயாங்க, இவங்க எல்லாம் நடந்தோ டவுன் பஸ்லயோ வந்து சேர்ற இடம் அது.

கள்ளிக்குடி கதை எல்லாருக்கும் தெரியும் (மதுரை மாவட்டத்துல இருக்குற கள்ளிக்குடி இல்ல, மணிகண்டம் பக்கத்துல இருக்குறது). மதுரை ஹைவேல சுமார் பத்து ஏக்கர்ல, 77 கோடி செலவுல, ஆயிரம் கடை கட்டி 2017ல திறந்தாங்க. அடுத்த வருஷம் வியாபாரத்த ஆரம்பிச்சுப் பாத்தாங்க, நிலைக்கல. யாவாரிங்க பிடிவாதம்தான் காரணம்னு நெறைய பேரு சொல்றாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன், நேர்ல போய்ப் பாத்ததுக்கு அப்புறம் அந்த நெனப்பு மாறிருச்சு. கடை பத்துக்குப் பத்து ரூம். பத்து டன் லாரி ஒண்ணு உருளைக்கிழங்கு ஏத்திக்கிட்டு வருதுன்னு வெச்சுக்குங்க, அம்பது கிலோ மூட்டைன்னா இருநூறு மூட்டை. அத எங்க இறக்குறது, தராசு எங்க வைக்கிறது, கணக்கெழுத எங்க உக்காருறது, வாங்க வர்றவன் எங்க நிக்கிறது? மொத்த மண்டிங்கிறது ரூம் இல்ல, அது ஒரு முற்றம். சில்லரைக் கடை அளவுல கட்டிட்டு மொத்த யாவாரிய வான்னு கூப்பிட்டாங்க, அவரு வரல.

அதவிட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. மார்க்கெட் பாதியா நகராது. நூறு மண்டி கள்ளிக்குடிக்குப் போய் மீதி காந்தி மார்க்கெட்லயே இருந்தா, வாங்குறவங்க எல்லா சரக்கும் கிடைக்கிற இடத்துக்குத்தான் போவாங்க, போன நூறு பேரு நஷ்டப்பட்டு ஒரு வாரத்துல திரும்பி வந்துருவாங்க. சென்னைல கொத்தவால் சாவடிய கோயம்பேட்டுக்கு மாத்தினப்ப 1996ல அதுக்குன்னே சட்டம் போட்டு மொத்த வியாபாரம் இனிமே இங்கதான்னு சொன்னாங்க, அதனால நடந்துச்சு. இங்க அந்த மாதிரி நடக்கல.

இன்னொரு பாடமும் நம்ம ஊர்லயே இருக்கு, அதப் பத்தி யாரும் அதிகம் பேசுறதில்ல. 2020 மார்ச்ல கொரோனாவுக்காக காந்தி மார்க்கெட்ட மூடினதும் மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குப் போச்சு. கட்டடம் கிடையாது, பத்துக்குப் பத்து ரூமும் கிடையாது, ரயில்வே கிரவுண்டு, பைபாஸ் ஓரம், அவ்வளவுதான். ஆனாலும் ஓடுச்சு! பத்து வருஷமா முடியாதுன்னு சொன்ன மாற்றம் சில நாள்ல நடந்துச்சு, ஏன்னா எல்லாரும் ஒண்ணாப் போனாங்க, லாரி பைபாஸ்ல இருந்து நேரா உள்ள வந்துச்சு. மழைக்காலத்துலதான் தாங்கல, மேல கூரை இல்ல, கீழ களிமண்ணு, நானே ஒருநா தக்காளிப் பெட்டியோட முட்டி வரைக்கும் சேத்துல நின்னேன். மார்க்கெட்ட மறுபடி திறக்கக்கூடாதுன்னு ஹைகோர்ட் மதுரை கிளைல வழக்கு நடந்து, அந்த நவம்பர்ல தடை நீங்கினதும் எல்லாரும் பழைய இடத்துக்கே வந்துட்டாங்க. ஜி கார்னர் ரயில்வே இடம், நிரந்தரமா அங்க கட்டுறது கஷ்டம், அதனால அத இப்ப ஒரு வழியா நான் சேக்கல. ஆனா திருச்சி யாவாரிங்க நகரவே மாட்டாங்கன்னு இனிமே யாரும் சொல்லாதீங்க, நகந்து காட்டியிருக்காங்க.

இப்ப பஞ்சப்பூர். கள்ளிக்குடிக்குப் போற அதே மதுரை ரோட்டுல ஊருக்கு இந்தப் பக்கமே இருக்கு. 2025 மே மாசம் புது பஸ் நிலையத்தத் திறந்தாங்க, ஜூலைல இருந்து பஸ் ஓடுது, பக்கத்துலயே லாரி முனையமும் இருக்கு. காய்கறி மார்க்கெட்டுக்கு சுமார் 236 கோடி ரூபாய்க்குத் திட்டம் போட்டு அதுக்கும் அடிக்கல் வெச்சாங்க. கள்ளிக்குடியோட ஒப்பிட்டா இது ரொம்பவே மேல், காரணம் பஸ். கள்ளிக்குடில மார்க்கெட் மட்டும் தனியா நின்னுச்சு. பஞ்சப்பூர்ல விடிய விடிய ஆள் நடமாட்டம் இருக்கு, விராலிமலை, மணப்பாறை பக்கத்து விவசாயி ஊருக்குள்ள நுழையாமலே சரக்க இறக்கிட்டு வீட்டுக்குத் திரும்பிரலாம்.

ஆனா ஊருக்கு வடக்க இருக்குறவங்கள நெனச்சுப் பாருங்க. லால்குடி, முசிறி, தொட்டியம் வாழைத்தார் காவேரி தாண்டி ஊரோட தெக்குக் கடைசிக்கு வரணும், அப்புறம் அதே வாழைப்பழம் ஸ்ரீரங்கத்துக்கும் திருவானைக்காவலுக்கும் திரும்பி வடக்க போகணும். டீசல் காசு கிலோவுக்கு ஒரு ரூபாயோ ரெண்டு ரூபாயோ, அது வாங்குறவங்க தலைலதான் விழும். கோரையாறு அந்தப் பக்கம் ஓடுறதும் எனக்கு உறுத்துது, பெருமழைல அந்த ஆறு என்ன பண்ணும்னு எடமலைப்பட்டி புதூர் பக்கம் இருக்குற பழைய ஆளுங்களக் கேட்டாத் தெரியும்.

எங்களுக்கு வழக்கமா கீரை குடுக்குற ஆயாகிட்ட பஞ்சப்பூர் பத்திக் கேட்டேன். "போலாம் தம்பி, யாரு வேணாம்னா, மூட்டைய யாரு ஏத்துறது"ன்னாங்க. பொம்பளைங்களுக்கு டவுன் பஸ் ஃப்ரீதானே ஆயான்னு சொன்னேன். "எனக்கு ஃப்ரீ, கீரைக்கு ஃப்ரீயா? அதுவும் மூணு மணிக்கு எந்த பஸ்சுப்பா வருது?" எனக்குப் பதில் சொல்லத் தெரியல. நான் கேட்ட எல்லா வாதத்துலயும் இந்த ஒரு கேள்விதான் இன்னும் மனசுல நிக்குது.

அதனால என் கருத்து இதுதான், அடிச்சே சொல்றேன். மொத்த வியாபாரமும் லாரியும் பஞ்சப்பூருக்குப் போகட்டும், ஆனா ஒரே நாள்ல எல்லா மண்டியும் போகணும், பாதி பாதியா வேணாம். கடையக் கட்டுறதுக்கு முன்னாடி மண்டிக்காரங்களக் கூப்பிட்டு ஒரு லாரிச் சரக்க இறக்கிக் காட்டச் சொல்லி அளவெடுத்துட்டுக் கட்டட்டும். சில்லரையும் தரைக்கடையும் பூவும் காந்தி மார்க்கெட்லயே இருக்கணும். லாரி போன இடத்துல தரைய ஒழுங்காப் போட்டு, மேல கூரை போட்டு, கழிவுத் தண்ணி ஓட வழி பண்ணி, பொம்பளைங்களுக்குச் சுத்தமான கழிப்பறை கட்டிக் குடுங்க. மதுரைல சென்ட்ரல் மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போன அப்புறம் மீனாட்சியம்மன் கோயில் பக்கத்துல இருந்த பழைய இடத்துல அடுக்குமாடி பார்க்கிங் கட்டினாங்க. கோயிலுக்கு வர்றவங்களுக்கு அது தேவையா இருக்கலாம். ஆனா இங்க மொத்த வியாபாரம் போன கையோட ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ், பார்க்கிங்னு யாராவது பிளானோட வந்தா பாலக்கரை, வரகனேரி ஆளுங்க நாங்க எல்லாரும் சேந்து எதுக்கணும், அந்த இடத்துல காய் விக்கிறதுதான் எங்களுக்கு வளர்ச்சி.

கூடவே ஒண்ணு, இது இல்லன்னா மேல சொன்னது எதுவும் நடக்காது. பஞ்சப்பூர்ல இருந்து காந்தி மார்க்கெட்டுக்கு விடியக்காலைல மூணு மணில இருந்து ஆறு மணி வரைக்கும் சரக்கு ஏத்துற மாதிரி பின்னாடி சீட்ட எடுத்துட்டு நாலு பஸ் விடணும், மூட்டைக்குன்னு ஒரு சின்னக் கட்டணம் வெச்சாக்கூடப் பரவால்ல. வார்டு கூட்டம் நடக்குறப்ப இத எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன். தரைக்கடை அக்காங்க பதினாலு பேரு கையெழுத்துப் போடுறேன்னு சொல்லிட்டாங்க, ஆயா கைநாட்டு வைக்கிறேன்னாங்க. வரகனேரி, பாலக்கரை, தாராநல்லூர் பக்கம் இருக்குறவங்க வர்றதா இருந்தா சொல்லுங்க, பேப்பர் எங்க மெஸ்ல இருக்கும், சாயங்காலம் நாலு மணிக்கு மேல வாங்க.