தராசா, டேப்பா, கிடுக்கியா, ஸ்கேனா: உடல் கொழுப்பை அளக்க எது உதவும்?

ஒரே ஆள், ஒரே வாரம். வீட்டு டிஜிட்டல் தராசு கொழுப்பு 24 சதவீதம் என்கிறது. ஜிம்மில் கைப்பிடி வைத்த மெஷின் 28 காட்டுகிறது. டேப் பிடித்துக் கணக்குப் போட்டால் 22 வருகிறது. எதை நம்புவது? மூன்றில் எதுவுமே கொழுப்பை நேராக அளப்பதில்லை. தராசும் மெஷினும் உடலின் மின்தடையை அளக்கின்றன, டேப் சுற்றளவை அளக்கிறது. மிச்சமெல்லாம் சூத்திரம் செய்யும் ஊகம். ஒவ்வொன்றும் எந்த இடத்தில் சறுக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் அந்த எண் உதவும்.

முதலில், எவ்வளவு இருக்கலாம்? ஜிம்களில் பரவலாகப் புழங்கும் அமெரிக்க உடற்பயிற்சிக் கவுன்சிலின் அட்டவணைப்படி ஆண்களுக்கு 14 முதல் 17 வரை நல்ல உடல்தகுதி, 18 முதல் 24 வரை சராசரி, 25க்கு மேல் அதிகம். பெண்களுக்கு அதே படிகள் 21–24, 25–31, 32க்கு மேல். உடல் இயங்கவே வேண்டிய அடிப்படைக் கொழுப்பு ஆண்களுக்கு 2–5 சதவீதம், பெண்களுக்கு 10–13. மார்பகம், தொடை, பிள்ளைப்பேற்றுக்கான சேமிப்பு எல்லாம் அந்தக் கூடுதலில் அடக்கம். கணவன் 22, மனைவி 29 என்றால் இருவரும் ஒரே படியில்தான் நிற்கிறார்கள். எண்ணை வைத்துக் கேலி செய்வது வீண் வம்பு. பெண்கள் மிகவும் இறக்கிவிட்டால் மாதவிடாய் தவறும், எலும்பும் மெலியும். 'எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது' என்ற கணக்கு இங்கே செல்லாது.

இந்த அட்டவணை நம் உடம்பைப் பார்த்துப் போட்டதில்லை. 2004இல் லான்செட் இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் இருவர் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 22.3. கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் என்ற நம்மூர் உடல்வாகை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. இந்தியர்களுக்குப் பிஎம்ஐ 23லேயே அதிக எடை, 25லேயே உடல்பருமன் என்று வரம்பைக் கீழே இறக்கியதற்கும் இந்த உடல்வாகுதான் காரணம். பிஎம்ஐ பற்றி இவ்வளவு போதும். எடையும் உயரமும் தெரிந்தால் அதைப் போட்டுவிடலாம், ஆனால் தசை எது, தொப்பை எது என்று அதற்குத் தெரியாது.

கொழுப்புத் தராசு

கால் தட்டு வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் ஏறி, ஒரு கால் வழியே போய் மறு கால் வழியே இறங்கும். தசையில் நீர் அதிகம், மின்சாரம் எளிதாகப் போகும். கொழுப்பில் தடை அதிகம். தடையோடு உயரம், வயது, பாலினத்தைச் சேர்த்துச் சதவீதம் வருகிறது. முக்கியக் கோளாறு இதுதான்: மின்னோட்டம் கால்களையும் அடிவயிற்றையும் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. தொப்பையை அது பார்ப்பதே இல்லை, காலை வைத்து ஊகிக்கிறது. குச்சிக்கால் தொப்பைக்காரருக்கு எண் இனிப்பாக வரலாம். கைப்பிடியும் உள்ள மெஷின் இதில் ஒரு படி மேல், என்றாலும் அதுவும் மின்தடைக் கணக்கே.

அடுத்தது நம்மூர் வெயில். மெரினாவில் ஒரு மணி நேரம் நடந்து, சட்டை நனைந்து வந்தவுடன் தராசில் ஏறினால், இழந்த நீர் எண்ணை மேலே தள்ளும், சூடான தோல் கீழே இழுக்கும். எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏறும் முன் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் எடை கூடும், தடை உடனே மாறாது. குடித்த தண்ணீரும் கொழுப்புக் கணக்கில் சேரும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடித்த காலோடு ஏறினால் தட்டில் மின்தொடர்பே ஒழுங்காகக் கிடைக்காது. பித்தவெடிப்புக் கால், ஏசி அறையில் சில்லிட்டுக் காய்ந்த கால், இவையும் தடையை ஏற்றிக் கொழுப்பைக் கூட்டிக் காட்டும்.

ஆகவே காலையில் கழிவறை போய்விட்டு, எதுவும் சாப்பிடாமல், ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்துக்கொண்டு, பாய் விரிப்பு இல்லாத கெட்டித் தரையில் வைத்து ஏறுங்கள். கொலுசைக் கழற்றிவிடுங்கள், மெட்டி தட்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் சராசரியை மட்டும் எழுதுங்கள், ஒரு நாள் எண்ணுக்கு மதிப்பில்லை. பெண்கள் மாதச் சுழற்சியின் அதே வாரத்தை அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும். 'அத்லெட்' மோடு சூத்திரத்தையே மாற்றி எண்ணைக் குறைத்துக் காட்டும். காலை நடைக்காக அதைப் போடாதீர்கள். அப்பாவும் மகனும் கிட்டத்தட்ட ஒரே எடையில் இருந்தால் பல தராசுகள் ஆளை மாற்றிப் பதிவு செய்யும், அதையும் கவனியுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஏறவே கூடாது.

டேப்

செலவில் கடைசி, பயனில் முதல். தையல்காரர் டேப் பழசானால் இழுபட்டு நீளும், ஸ்கூல் ஸ்கேலோடு வைத்து ஒருமுறை சரிபாருங்கள். ஆண்களிடம் வயிற்றுச் சுற்று கேட்டால் பேண்ட் சைஸைச் சொல்வார்கள். பேண்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது. 34 போடுகிறவருக்குத் தொப்புள் மட்டத்தில் 38 இருப்பது சகஜம். பெண்கள் பாவாடை நாடா பதிந்த கோட்டில் பிடிப்பார்கள், அதுவும் தவறு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, டேப் தரைக்கு இணையாக, சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த கணத்தில் படியுங்கள். வயிற்றை உள்ளே இழுத்தால் அளந்து பயனில்லை. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது நமக்கான எச்சரிக்கைக் கோடு. சர்க்கரை, இதய நோய் ஆபத்தைப் பொறுத்தவரை வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்புதான் வில்லன். அதைத் தராசைவிட இந்த டேப் நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

சதவீதமே வேண்டும் என்பவர்களுக்கு அமெரிக்கக் கடற்படைச் சூத்திரம் உண்டு. எல்லா அளவும் செ.மீ.இல். இதில் ஆண்களுக்கு வயிற்றைத் தொப்புள் மட்டத்திலும், பெண்களுக்கு ஒடுங்கிய இடத்திலும் அளக்க வேண்டும். கழுத்தைக் குரல்வளை மேட்டுக்குக் கீழே. பின்புறத்தை அகலமான இடத்தில்.

ஆண்: 495 ÷ (1.0324 − 0.19077 × லாக்(வயிறு − கழுத்து) + 0.15456 × லாக்(உயரம்)) − 450

பெண்: 495 ÷ (1.29579 − 0.35004 × லாக்(வயிறு + பின்புறம் − கழுத்து) + 0.22100 × லாக்(உயரம்)) − 450

போனைப் படுக்கவைத்தால் பல கால்குலேட்டர்களில் லாக் பட்டன் வரும். உயரம் 170, வயிறு 92, கழுத்து 37 உள்ள ஆணுக்கு 23.6 வருகிறது. அதே ஆள் மூச்சை இழுத்து வயிற்றை 90 ஆக்கினால் 22.2. இரண்டு செ.மீ. ஏமாற்று, கிட்டத்தட்ட ஒன்றரைச் சதவீதம்! மூன்று முறை அளந்து சராசரி எடுக்கச் சொல்வது இதற்குத்தான்.

கிடுக்கி

காலிப்பர் என்னும் கிடுக்கி தோலோடு கொழுப்பை மடித்து மில்லிமீட்டரில் படிக்கும். மூன்று இட முறையில் ஆண்களுக்கு மார்பு, வயிறு, தொடை; பெண்களுக்கு மேற்கையின் பின்பக்கம், இடுப்பெலும்புக்கு மேல், தொடை. விரலால் கிள்ளிய இடத்திலிருந்து ஒரு செ.மீ. தள்ளிக் கிடுக்கியை வைத்து, ஓரிரு வினாடிக்குள் படிக்க வேண்டும். தாமதித்தால் மடிப்பு நசுங்கி எண் குறையும். பழகிய ஒரே கை எப்போதும் அளந்தால் நன்றாகவே ஒத்துவரும். மாதாமாதம் வேறு டிரெய்னர் அளப்பதாக இருந்தால் விட்டுவிடுங்கள். தவிர, வயிற்றுக்குள் இருப்பதைக் கிள்ள முடியாது.

டெக்சா

இரண்டு வகை ஆற்றல் கொண்ட எக்ஸ்ரேயால் எலும்பு, கொழுப்பு, மற்ற திசு மூன்றையும் பிரிக்கிறது. கை, கால், நடுவுடல் என்று தனித்தனியே காட்டும். நாலில் நம்பகமானது இதுவே, விலையும் அதிகம். சென்னை ஸ்கேன் சென்டர்களில் 'டெக்சா' என்று மட்டும் கேட்டால் எலும்பு அடர்த்தி பார்ப்பதாக நினைத்து முதுகெலும்பையும் இடுப்பையும் மட்டும் எடுத்துவிடக்கூடும். 'முழு உடல், கொழுப்பு–தசை ரிப்போர்ட்டோடு' என்று பணம் கட்டும் முன் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கதிர்வீச்சு மிகக் குறைவுதான். இருந்தும் கர்ப்பிணிகள் எடுக்கக் கூடாது. அடுத்த முறையும் அதே மெஷினில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

பெரும்பாலான வீடுகளுக்கு டேப் கட்டாயம், தராசு துணைக்கு. மற்ற இரண்டும் பயிற்சியைத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு. தராசு எண்ணைச் சதவீதமாகப் பார்க்காமல் கிலோவாக மாற்றிப் பாருங்கள். 72 கிலோ, 26 சதவீதம் என்றால் கொழுப்பு 18.7 கிலோ. நாலு மாதத்தில் 68 கிலோ, 22 சதவீதம் ஆனால் கொழுப்பு 15 கிலோ. குறைந்த நாலில் கிட்டத்தட்ட முழுவதும் கொழுப்பு. அதே 68 கிலோவில் 25 சதவீதம் நின்றால் கொழுப்பு 17. இவர் இழந்த நாலு கிலோவில் பாதிக்கு மேல் தசையும் நீரும். இரவுச் சாப்பாட்டை வெட்டி நடை மட்டும் போகிறவர்களுக்கு இப்படி ஆவதுண்டு. தட்டில் பருப்பும் முட்டையும் கூட வேண்டும், வாரம் இரண்டு நாளாவது எடை தூக்க வேண்டும்.