லித்தியம் உறைக்குள் அல்கலைன்: பட்டாளத்துக்குச் செல் வாங்கி அனுப்புகிறவர்கள் கவனிக்கவும்

பட்டாளத்தில் இருக்கும் மச்சான் லீவு முடிந்து லடாக்கில் உள்ள லே ஊருக்குத் திரும்புகிற சமயம். தலையில் மாட்டும் டார்ச்சுக்கு டபுள்ஏ செல் கேட்டான். "அல்கலைன் வேண்டாம் மாமா, லித்தியம்தான் வேணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டான். ஜனவரி இரவுகளில் அங்கே மைனஸ் 15 எல்லாம் சாதாரணம்.

வேலூரில் ஒரு எலக்ட்ரிக் கடையில் கேட்டதும் பளபளவென்று ஒரு அட்டையை எடுத்துப் போட்டார்கள். ‘லித்தியம்’ என்று கொட்டை எழுத்து, ஒரு செல் 300 ரூபாய்க்கு மேல். கடைக்காரர் மல்டிமீட்டரை வைத்து, "1.6 வோல்ட் காட்டுது பாருங்க, ஃபுல்லு" என்றார். டார்ச்சில் போட்டு எரியவிட்டும் காட்டினார். இந்த ஊர் வெயிலில் எந்தச் செல்தான் எரியாது?

லேயிலிருந்து போன் வந்தது. ராத்திரி வெளியே போன கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் மங்கி அணைந்துவிடுகிறதாம். செல்லைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றினால் மறுபடி எரிகிறதாம். "இது அல்கலைன்தான் மாமா, சந்தேகமே இல்ல" என்றான். அல்கலைனுக்குள் இருப்பது தண்ணீரில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. குளிர் ஏற ஏற அதற்குள் அயனிகளின் ஓட்டம் மந்தமாகும், உள்மின்தடை கூடும். சக்தி உள்ளே இருக்கும், டார்ச்சுக்கு வந்து சேராது. லித்தியம் செல்லில் தண்ணீரே கிடையாது. மைனஸ் 40 வரை தாங்கும்.

வீட்டில் மிச்சமிருந்த செல்லின் உறையை நகத்தால் கீறினேன். அடியில் இன்னொரு உறை, அதில் எல்ஆர்6 என்று அல்கலைனுக்கான குறியீடு அச்சாகியிருந்தது. அடகுக் கடை நண்பரின் தராசில் வைத்தால் 23 கிராம். அசல் லித்தியம் 15 கிராம்தான் இருக்கும். அப்புறம் அந்த 1.6 வோல்ட். புது லித்தியம் செல் மீட்டரில் 1.8 பக்கம் காட்ட வேண்டும். அவர் பெருமையாகக் காட்டிய ரீடிங்கே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

போய்க் கேட்டால், "இங்க எரியுதுல்ல சார்? லடாக்குக்கெல்லாம் நான் கேரண்டி குடுத்தேனா?" என்கிறார். பில்லில் வெறுமனே ‘செல்’ என்று மட்டும் எழுதிக்கொடுத்தது சும்மா இல்லை.

வாங்கும்போது உறையில் பொடி எழுத்தில் இருக்கும் குறியீட்டைப் பாருங்கள். எஃப்ஆர்6 என்றால் லித்தியம், எல்ஆர்6 அல்கலைன். வெறும் ஆர்6 என்றிருந்தால் பழைய கார்பன் செல், மேலே ‘ஹெவி டியூட்டி’ என்று எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும் சரி. பில்லிலும் அந்தக் குறியீட்டையே எழுதி வாங்குங்கள். இதே அளவில் 3.7 வோல்ட் செல்லை நீட்டினால் தொடாதீர்கள், 1.5 வோல்ட் டார்ச் கருகிவிடும். ஏலகிரி, ஜவ்வாது மலை என்று கிளம்புகிறவர்களுக்கு இந்தச் செலவே வேண்டாம், அந்தக் குளிருக்கு நல்ல அல்கலைன் போதும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இப்படி அட்டை வாங்கியவர்கள் உறையைக் கீறிப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே கேட்கலாம்.