பழைய பெயிண்டைச் சுரண்டாமலே பட்டி போட்டுவிட்டார்கள்: வீட்டுக்கு மறுபடி பெயிண்ட் அடிப்பவர்கள் கவனத்துக்கு

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர் மதிப்பீட்டில் எழுதித் தந்தது: பழைய பெயிண்டை முழுவதும் சுரண்டுதல், உப்புத்தாள் தேய்ப்பு, பிரைமர் (மேல் பூச்சு பிடிப்பதற்கான அடிப்பூச்சு), பட்டி (சுவரைச் சமப்படுத்தும் பூச்சு) இரண்டு கோட், மறுபடி பிரைமர், கடைசியாக எமல்ஷன் பெயிண்ட் இரண்டு கோட். அத்தனைக்கும் சேர்த்துத்தான் பணமும் வாங்கினார். ஆனால் உரிந்து தொங்கிய இடங்களில் மட்டும் தகட்டால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, மற்ற இடமெல்லாம் பழையதின் மேலேயே பட்டியை ஏற்றிவிட்டார்கள்.

முடித்த அன்று வீடு பளிச்சென்று இருந்தது. ஏமாற்றுகிறவர்களுக்கு அதுதான் வசதி. மேல் கோட் காய்ந்துவிட்டால் அடியில் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு மழைக்காலம் போனதும் ஹாலின் வெளிப்பக்கச் சுவர் குமிழ் விட்டது. பிறகு படுக்கையறை. விரல் பட்டாலே உள்ளங்கை அகலத்துக்குப் பொருக்கு கழன்று வந்தது. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் புது எமல்ஷன், நடுவில் பட்டி, பின்பக்கம் முழுக்கப் பழைய சுண்ணாம்பு, மாவு மாவாக. சுண்ணாம்பைச் சுரண்டிக் கழுவி, பிரைமர் கொடுத்திருந்தால் பட்டிக்கும் சுவருக்கும் நடுவில் அந்தப் பொடிக்கு என்ன வேலை?

உரிந்த பொருக்கின் பின்பக்கத்தைப் பார்த்தாலே நிறையத் தெரிந்துவிடும். பொடி ஒட்டியிருந்தால் சுண்ணாம்பையோ டிஸ்டம்பரையோ எடுக்காமல் அடித்திருக்கிறார்கள். வழுவழுவென்று இருந்தால் அடியிலிருக்கும் எனாமலின் (ஆயில் பெயிண்டின்) பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்து மங்க வைக்கவில்லை. உப்பு பூத்திருந்தால் ஓதத்தை, அதாவது சுவரின் ஈரக்கசிவை, நிறுத்தாமல் அதை மூடியிருக்கிறார்கள்.

ஒப்பந்தக்காரரிடம் காட்டியபோது, "சுவர்ல ஈரம் இருக்கு சார், பெயிண்ட் என்ன பண்ணும்?" என்றார். ஈரம் இருந்தது உண்மைதான். வேலை தொடங்கும் முன்பே அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியது அவர்தானே? ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஒரு பாலிதீன் தாளை எடுத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விட்டுவைத்தால் போதும். தாளுக்கு அடியில் நீர் கோத்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. இதற்குக் காசே ஆகாது.

பணம் போனதைவிட எனக்கு ஆறாத கோபம் ஜன்னல் விஷயத்தில்தான். அந்தக் காலத்து மர ஜன்னல்கள், கோட் மேல் கோட்டாக ஆயில் பெயிண்ட். அதை மெஷினில் உப்புத்தாள் வட்டு மாட்டி உலர்ந்தபடியே தேய்த்துத் தள்ளினார்கள். அறைக் கதவை மூடவில்லை, தரையில் ஒரு தாள் விரிக்கவில்லை. மஞ்சளும் பச்சையுமாகத் தூசி, கட்டில் விரிப்பிலும் விளையாட்டுச் சாமான்களிலும். தவழுகிற குழந்தை இருக்கிறது என்று சொன்னதற்கு, "தூசிதானே சார், பெருக்கிடலாம்" என்று பதில். மெஷினைப் பிடித்திருந்த பையன் மூக்கில் ஒரு கைக்குட்டைதான் கட்டியிருந்தான். அவனிடமும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பழைய ஆயில் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். நிறத்துக்காகவும் சீக்கிரம் காய்வதற்காகவும் ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். மஞ்சளில் லெட் குரோமேட், இரும்புக்கு அடிக்கும் சிவப்புப் பிரைமரில் செவ்வீயம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 1978-லேயே தடை வந்துவிட்டது. இந்தியாவில் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு ஈயம்) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதனால் எப்போது அடித்தது என்றே தெரியாத எனாமலில் ஈயம் இருப்பதாக எடுத்துக்கொண்டு வேலை செய்வதுதான் நல்லது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று எந்த அளவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். டாக்டரிடம் போய்க் குழந்தையின் ரத்தத்தில் ஈய அளவைப் பார்த்தோம். பயப்படும்படி இல்லை. முடிவு வரும்வரை வீட்டில் யாரும் தூங்கவில்லை.

இந்த வேலையை ஈரமாக்கித்தான் செய்ய வேண்டும். தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்ட வேண்டும். தரையில் கனமான பாலிதீன் விரித்து, அறையை அடைத்து, முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து நுண்ணிய தூசியையும் பிடிக்கிற ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் கிளீனரால் எடுக்க வேண்டும். துடைப்பம் தூசியைக் கிளப்பிவிடும். நெருப்புக் காட்டி உரிக்கவும் விடாதீர்கள், அந்தச் சூட்டில் ஈயப் புகை கிளம்பும். வேலை செய்பவர்களுக்கும் துணி மாஸ்க் போதாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேலை முடியும்வரை வேறு இடத்தில் இருக்கட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். இறுகப் பிடித்திருக்கிற பழைய பெயிண்டை எல்லாம் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கழுவி, தேய்த்து மங்க வைத்தாலே புதுப் பெயிண்ட் பிடிக்கும். அதைச் சொல்லி அதற்குரிய கூலி மட்டும் கேட்கிற பெயிண்டரை நம்பலாம். முழுக்கச் சுரண்டுவதாகக் கூலி வாங்கிக்கொண்டு சுரண்டாமல் விடுவதுதான் மோசடி.

'சுவர் தயார் செய்தல்' என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சுரண்டல், பிரைமர், பட்டி என்று தனித்தனியாக எழுதி வாங்கி, ஒவ்வொன்றையும் நீங்கள் பார்த்த பிறகே அதற்கான பணத்தைக் கொடுங்கள். சுரண்டிய சுவரில் பேக்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் சுரண்ட வேண்டும். உள்ளங்கையால் தேய்த்து வெள்ளை பட்டால் கழுவவில்லை. பிரைமர் டின்னை உங்கள் முன்னால் திறக்கட்டும். எவ்வளவு தண்ணீர் கலக்கலாம் என்பது டின்னிலேயே போட்டிருக்கும்.

ஒப்பந்தக்காரர் இப்போது போனை எடுப்பதில்லை. மதிப்பீட்டுத் தாள், பணம் கொடுத்த ரசீது, தேதியோடு எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் புகாருக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், வேறு ஆளை வைத்துச் சுவரைச் சரிசெய்யும் முன் படங்களை எடுத்துவிடுங்கள். உரிந்த பொருக்குகளில் சிலவற்றையும் மூடிய கவரில் போட்டுக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஈயம் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கவும் அதுவே உதவும்.