பிரிந்த விசைப்பலகை, கோல்மேக், தமிழ்99: மூன்றரை ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

வலது கைச் சுண்டுவிரலில் தொடங்கிய வலி, மணிக்கட்டின் வெளிப்பக்கமாக ஏறி முழங்கை வரை வந்தபோது, நான் நிரல் எழுதும் வேலைக்கு வந்து பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. காலையில் உட்கார்ந்த ஒரு மணி நேரத்துக்குள் வலிக்கத் தொடங்கும். இரவில் சோற்றைப் பிசைவதற்குக்கூடக் கை ஒத்துழைக்காது. அன்றிலிருந்து மூன்றரை ஆண்டுகளில் விசைப்பலகையின் வடிவத்தையும், ஆங்கில எழுத்துகளின் அமைப்பையும் (கோல்மேக்), தமிழ் உள்ளிடும் முறையையும் (தமிழ்99) மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவே குறைந்தது ஐந்து மாதம் விட்டதால், எது வலியைக் குறைத்தது, எது குறைக்கவில்லை என்பதை ஓரளவு பிரித்துச் சொல்ல முடிகிறது.

விசைப்பலகை வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் போனேன். கைவலியில் இருப்பவர்கள் யாராயினும் அந்த வரிசையை மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போனால் மணிக்கட்டின் நடுவே செல்லும் நரம்பு நெருக்கப்படுகிறதா என்று பார்ப்பார்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்துப்போனால் சந்தேகம் பெரும்பாலும் முழங்கையில் ஓடும் நரம்பின் பக்கம் திரும்பும். இரண்டுக்கும் ஒரே பரிகாரம் கிடையாது. என் முழங்கை நாள் முழுவதும் மேசை விளிம்பில் அழுந்திக்கொண்டிருந்தது என்பதை எந்த விசைப்பலகையும் எனக்குச் சொல்லியிருக்காது. இயன்முறை மருத்துவர் என்னைத் தட்டச்சு செய்யச் சொல்லிச் சில நிமிடங்கள் பார்த்துவிட்டு, "சார், நீங்க விரலால தட்டல, மணிக்கட்ட ஒடிச்சு ஒடிச்சுத் தட்டுறீங்க" என்றார். நாற்காலியை உயர்த்தி, முழங்கையை மேசையிலிருந்து விடுவித்து, முன்கைத் தசைகளுக்கான பயிற்சிகளைத் தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில் மரத்துப்போவது நின்றுவிட்டது. வலி மட்டும் பாதியளவில் தங்கியது. விசைப்பலகையின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

சாதாரண விசைப்பலகை கையை மூன்று வகையில் வளைக்கிறது. இரண்டு கைகளும் உடலின் நடுவே நெருங்கி வர வேண்டியிருப்பதால் மணிக்கட்டுகள் சுண்டுவிரல் பக்கமாக ஒடிகின்றன. உள்ளங்கை தரையைப் பார்க்க வேண்டியிருப்பதால் முன்கை முறுக்கிக்கொள்கிறது. பலகையின் பின்புறக் கால்களை விரித்து வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கியும் மடிகிறது. (அந்தக் கால்களை இன்றே மடித்து வைத்துவிடலாம், அதற்குச் செலவு ஏதுமில்லை.) இவை போதாதென்று, விசை வரிசைகள் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் சாய்வாக விலகி நிற்கின்றன. 1870களில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் உருவாக்கிய தட்டச்சுப்பொறியில், ஒவ்வொரு விசையின் கீழும் ஒரு நெம்புகோல் போக இடம் வேண்டியிருந்ததால் வந்த சாய்வு அது. நெம்புகோல் மறைந்து பல பத்தாண்டுகள் ஆகியும் சாய்வு மட்டும் மடிக்கணினி வரை வந்திருக்கிறது.

நான் முதலில் வாங்கியது இரண்டு பாதிகளாகப் பிரிந்த, ஆனால் பழைய சாய்வு வரிசைகளையே கொண்ட ஒரு பலகை. இரண்டு பாதிகளையும் தோள் அகலத்துக்கு நகர்த்தி வைத்த மூன்றாவது வாரத்தில் மணிக்கட்டின் வெளிப்பக்க வலி தெளிவாகக் குறைந்தது. எழுத்துகளின் இடம் எதுவும் மாறாததால் வேகமும் சில நாட்களிலேயே திரும்பிவிட்டது. அதன்பின் எங்கள் தெருத் தச்சரிடம் மீந்த தேக்குத் துண்டுகளில் இரண்டு ஆப்புகள் செய்து வாங்கி, பாதிகளின் உட்பக்கத்தைக் கூடாரம்போல உயர்த்தினேன். முப்பது பாகை வைத்துப் பார்த்தபோது கை வழுக்கியது, தோள் இறுகியது; பதினைந்து பாகையில் நிலைபெற்றது, இன்றும் அதே ஆப்புகள்தான். மூன்றரை ஆண்டுகளில் செலவுக்கும் உழைப்புக்கும் ஏற்ற பலனை மிகுதியாகத் தந்தது எது என்று கேட்டால், பலகையைப் பிரித்ததும் சாய்த்ததும்தான் என்பேன். 1992இல் கினிசிஸ் நிறுவனம் குழிவான விசைப் பள்ளங்களுடனும், 1994இல் மைக்ரோசாஃப்ட் நடுவில் பிளந்த வடிவத்துடனும் பலகைகளை விற்கத் தொடங்கிய பிறகும், நம் அலுவலகங்களில் இவற்றைக் காண்பது அரிதாக இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

சுண்டுவிரல் வலி மட்டும் போகவில்லை. காரணத்தை என் நிரலிலேயே கண்டேன். அரைப்புள்ளி, மேற்கோள்குறி, சதுர அடைப்புக்குறி, நெளி அடைப்புக்குறி, அடிக்கோடு, சமக்குறி, சாய்கோடு, இவற்றோடு என்டர், பேக்ஸ்பேஸ், வலது ஷிப்ட் ஆகிய அனைத்தும் வலது சுண்டுவிரலின் பொறுப்பு. கடிதம் எழுதுபவருக்கு அரைப்புள்ளி எப்போதோ வரும். எங்களுக்கு வரிக்கு வரி வரும். கையிலேயே மிகவும் மெலிந்த விரலுக்கு இவ்வளவு சுமை, வலிமையான இரண்டு கட்டைவிரல்களுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடைவெளி விசை. நான் இரண்டாவதாக எடுத்துக்கொண்ட, இன்றுவரை பயன்படுத்தும் கார்ன் பலகை இந்தப் பங்கீட்டைத் திருப்பிப் போடுகிறது. அது திறந்த வடிவமைப்பு. வேண்டுவோர் பாகங்களை வாங்கித் தாமே பற்றவைத்துக்கொள்ளலாம். மொத்தம் 42 விசைகள்: ஒவ்வொரு கைக்கும் மூன்று வரிசைகளில் ஆறு ஆறாகவும், கட்டைவிரலுக்கு மூன்றாகவும். விசைகள் செங்குத்தாக அடுக்கப்பட்டு, ஒவ்வொரு விரலின் நீளத்துக்கும் ஏற்ப ஏறி இறங்கியிருக்கும். எண்களும் குறிகளும் தனி அடுக்கில் இருக்கின்றன. ஒரு கட்டைவிரல் விசையை அழுத்திப் பிடித்தால் அடைப்புக்குறிகள் எல்லாம் விரல்கள் இளைப்பாறும் நடுவரிசைக்கே வந்துவிடுகின்றன. பேக்ஸ்பேஸ், என்டர், ஷிப்ட் மூன்றும் கட்டைவிரல்களுக்குப் போயின. எது எங்கே என்று மனத்தில் பதிய ஆறு வாரங்கள் ஆயின. நான்கு மாதங்களில் சுண்டுவிரல் வலி நின்றது.

ஆனால் கட்டைவிரலுக்கும் எல்லை உண்டு. ஓராண்டு கழித்து இடது கட்டைவிரலின் அடியில் புதிய வலி தோன்றியது. உள்ளங்கையின் அடிக்கு மடங்கிப் போக வேண்டிய உள் விசையில் நான் கண்ட்ரோலை வைத்திருந்ததே அதற்குக் காரணம். பிடித்துக்கொண்டே வேறு விசைகளைத் தட்டும்போது தசைநாண் நீண்ட நேரம் இழுபட்டு நின்றது. கண்ட்ரோலை நடுவரிசை எழுத்து ஒன்றின்மீதே ஏற்றினேன்: தட்டினால் எழுத்து, பிடித்தால் கண்ட்ரோல். கியூஎம்கே என்னும் திறந்த நிலைபொருளில் (பலகைக்குள்ளேயே இயங்கும் மென்பொருள்) இதற்கான கால எல்லை இயல்பாக 200 மில்லி நொடி. ஒரு விசையை விடுமுன்பே அடுத்ததை உருட்டித் தட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த முறை அடிக்கடி தவறாகப் பொருள்கொள்ளும். எனக்கும் முதல் மாதம் எரிச்சலாகவே இருந்தது.

எழுத்தமைப்பை மாற்றியது இதற்கெல்லாம் பிறகுதான். பள்ளி விடுமுறையில் தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்து, நிமிடத்துக்கு 30 சொற்களுக்கான இளநிலையும் 45 சொற்களுக்கான முதுநிலையும் தேறியவன் நான். வழக்கமான ஆங்கில எழுத்தமைப்பான குவெர்ட்டி என் விரல்களில் ஊறியது. 1936இல் ஆகஸ்ட் டிவோராக் காப்புரிமை பெற்ற அமைப்பில் ஐந்து உயிரெழுத்துகளும் இடது நடுவரிசையில் அமைந்து கைகள் மாறி மாறி இயங்கும். கொள்கையளவில் அது எனக்குப் பிடித்திருந்தாலும், ஏறத்தாழ எல்லா எழுத்துகளும் இடம் மாறிவிடுகின்றன. வெட்டி ஒட்டும் குறுக்குவழி விசைகளும் சிதறிவிடுகின்றன. 2006இல் ஷாய் கோல்மன் வெளியிட்ட கோல்மேக் 17 விசைகளை மட்டுமே மாற்றுகிறது, கீழ்வரிசையின் குறுக்குவழிகளைத் தொடுவதில்லை. அதிலும் டி, எச் இரண்டையும் நடுநெடுவரிசையிலிருந்து கீழே இறக்கிய வடிவத்தை எடுத்துக்கொண்டேன். விரலைப் பக்கவாட்டில் நீட்டுவது எனக்கு வலியைக் கிளப்பும் அசைவு.

முதல் வாரம் நிமிடத்துக்கு 65 சொற்களிலிருந்து 12க்கு வீழ்ந்தேன். இரண்டாம் மாத முடிவில் 40, ஏழாம் மாதத்தில் 62. இன்றும் ஏறத்தாழ அங்கேயே நிற்கிறேன். வேகத்துக்காக யாரும் எழுத்தமைப்பை மாற்ற வேண்டியதில்லை. விரல்கள் குறைவாக அலைகின்றன, நீண்ட கட்டுரை எழுதிய மாலையிலும் கை இலேசாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அதற்குள் வலியின் பெரும்பகுதி முந்தைய மாற்றங்களிலேயே போயிருந்தது. வேலைக் கெடு நெருங்கும் மாதத்தில் எழுத்தமைப்பை மாற்றிக்கொண்டு, பிழை திருத்தவே பேக்ஸ்பேஸை நூறு முறை அடித்து வலியைக் கூட்டிக்கொண்ட நண்பர் ஒருவரை அறிவேன். மடிக்கணினியின் தட்டையான பலகையில் நான் குவெர்ட்டியையே வைத்திருக்கிறேன். பலகையின் வடிவம் மாறியவுடன் விரல்கள் தாமாகவே அமைப்பை மாற்றிக்கொள்வதால், சக ஊழியரின் கணினியில் உட்காரும்போதும் தடுமாற்றம் இல்லை.

இனித் தமிழ். பல ஆண்டுகள் ஆங்கில ஒலிபெயர்ப்பில்தான் தமிழைத் தட்டினேன். ண, ள, ற மூன்றுக்கும் ஷிப்ட் வேண்டும்; சுண்டுவிரல் வலியோடு 'கண்ணாடி' என்று எழுதிப் பார்த்தவர்களுக்கு அதன் பாடு தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பு, டிவோராக்கின் கொள்கையைத் தமிழுக்கு இன்னும் பொருத்தமாகச் செய்திருக்கிறது என்பது அதைக் கற்றபோதுதான் விளங்கியது. உயிரெழுத்துகள் இடக்கையில், வ, ங தவிர மெய்வரிசை முழுவதும் வலக்கையில், அ, இ, உ இடது நடுவரிசையிலும் க, ப, ம, த, ந, ய வலது நடுவரிசையிலும் இருக்கின்றன. தமிழ்ச் சொல்லில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் கைகளும் மாறி மாறி ஓய்வெடுக்கின்றன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். 'அம்மா' நான்கே தட்டுகள். கிரந்த எழுத்துகளுக்கு மட்டுமே ஷிப்ட். மூன்று வாரங்களில் கைவந்தது. கோல்மேக்குக்குப் பட்ட பாட்டில் கால்பங்குகூட இதற்கு இல்லை.

இரண்டையும் சேர்த்து வைப்பதில்தான் சிக்கல் வந்தது. கோல்மேக்கைப் பலகையின் நிலைபொருளுக்குள் வைத்திருந்ததால், கணினியில் தமிழ்99க்கு மாறியதும் 'இ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஐ' விழுந்தது. கணினிக்குப் போய்ச் சேருவது விசையின் இடம் அன்று, கோல்மேக் எழுத்து. இதற்காகத் தமிழுக்கென்று தனி அடுக்கை அமைத்து, அதில் குவெர்ட்டி இடங்களையே வைத்தேன். ஒரு கட்டைவிரல் விசையை அழுத்தினால் அடுக்கும் மாறும், கணினிக்கு மொழிமாற்றக் குறுக்குவழியும் போகும். சுட்டியால் மொழியை மாற்றினால் இரண்டும் பொருந்தாமல் போய்விடும் என்பதால் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். நடுவரிசைக் கண்ட்ரோலையும் தமிழ் அடுக்கில் நீக்கினேன்; 'இ'யைச் சற்றே தாமதமாக விட்டாலும் அடுத்த மெய் குறுக்குவழியாக மாறிப் பத்தியையே அழித்த அனுபவம் இரண்டு முறை நேர்ந்தது.

தமிழ்99இல் எனக்கு இருக்கும் குறை வலது சுண்டுவிரலைப் பற்றியது. ந, ய, ண, ச, ஞ, ழ ஆறும் அதன் பங்கு. அதிலும் ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறிகளின் இடத்தில் இருப்பவை. கார்னில் அந்த விசைகளே இல்லை. பேக்ஸ்பேஸ் கட்டைவிரலுக்குப் போனதால் காலியான மேல் ஓர விசையில் ச, கீழ் ஓர விசையில் ஞ என்று வைத்து ஓராண்டு ஓட்டினேன். ஞ அரிதாகவே வருவதால் தொல்லையில்லை. ச அடிக்கடி வரும் எழுத்து; நாளொன்றுக்கு இரண்டாயிரம் சொற்களுக்கு மேல் தமிழ் எழுதினால் பழைய இடத்தில் இலேசான வலி எட்டிப் பார்க்கிறது. ஆறு வாரங்களாகச் ச, ண இரண்டையும் இடம் மாற்றி வைத்துப் பார்க்கிறேன். வலி குறைந்திருக்கிறது, ஆனால் மடிக்கணினியில் வழக்கமான தமிழ்99க்குத் திரும்பும்போது 'சொல்' என்று எழுத நினைத்து 'ணொல்' என்று தட்டிவிடுகிறேன். அந்தத் தடுமாற்றம் இன்னும் இரண்டு மாதத்தில் தீராவிட்டால் சகரத்தை அதன் பழைய இடத்துக்கே அனுப்பிவிடுவேன்.