எஸ்30வி எஃகு என்று பொறித்த கத்தியில் வனேடியமே இல்லை, வாங்குவதற்கு முன் இதைப் படிச்சிருங்க

மடக்குக்கத்தி வாங்க நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். குறிப்பாக இன்ஸ்டாவில் பக்கம் ஆரம்பித்து "பிரீமியம் அமெரிக்கன் ஸ்டீல்" என்று போட்டு நம்ம திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி ஆட்களுக்கு விற்கிறவர்களிடம் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நின்று படிச்சிட்டுப் போங்க. எனக்குப் போனது 7,200 ரூபாய். பணத்தைவிட, ஆறேழு மாதம் படித்துத் தெரிந்துகொண்டு வாங்கிய பிறகும் ஏமாந்தேன் என்பதுதான் உறுத்துகிறது.

அம்பாசமுத்திரம் பக்கம் எங்களுக்கு வாழை, வரப்போரம் ஏழெட்டு எலுமிச்சை. சட்டைப்பையில் ஒரு கத்தி இல்லாமல் நான் வயலுக்குப் போவதில்லை. இலைக்கட்டு நாரை அறுக்க, உரச்சாக்குத் தையலைப் பிரிக்க, சொட்டுநீர்க் குழாயைத் துண்டு போட, மதியம் ஒரு எலுமிச்சையை அரிந்து மோரில் பிழிய, எல்லாத்துக்கும் அதுதான். வாழைக்கறை வேட்டியில் பட்டால் போகாது, சாதா இரும்பில் பட்டால் கருத்துவிடும். எலுமிச்சை அதைவிட மோசம், துடைக்காமல் பையில் போட்டால் மறுநாள் காலையில் துருப்புள்ளி தெரியும். வருசத்துக்கு ரெண்டு கத்தி வாங்கித் தூக்கிப் போட்டு அலுத்துப்போய்த்தான் நல்லதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று எஃகு வகைகளைப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்ததில் மனசுக்குப் பிடித்தது எஸ்30வி. அமெரிக்காவில் குரூசிபிள் என்ற கம்பெனி 2001-ல் கத்திக்கென்றே கொண்டுவந்த எஃகு. கார்பன் 1.45, குரோமியம் 14, வனேடியம் 4, மாலிப்டினம் 2 சதவீதம். குரோமியம் துருவைத் தடுக்கும். ஆனால் நாம் கூடுதலாகக் காசு கொடுப்பது அந்த 4 சதவீத வனேடியத்துக்குத்தான். அது கார்பனோடு சேர்ந்து எஃகுக்குள் பொடிப்பொடியாக, சாணைக்கல்லைவிடக் கெட்டியான துகள்களாக உட்கார்ந்திருக்கும். அதனால்தான் கத்தி வாய் சீக்கிரம் தேயாது. உருக்கிய எஃகை வாயுவை வைத்து ஊதித் தூளாக்கி, அந்தத் தூளை மறுபடி சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக இறுக்குகிறார்கள். களி கட்டி தட்டாமல் கிண்டுகிற மாதிரி துகளெல்லாம் ஒரே சீராகப் பரவியிருக்கும். டி2 போல வழக்கமான முறையில் வார்க்கிற எஃகில் பெரிய பெரிய கட்டியாக நிற்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன பங்குனியில் ஒரு பக்கத்தைப் பார்த்தேன். பேரைப் போடவில்லை, போட்டாலும் பிரயோசனம் இல்லை, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். கத்தியைப் பத்தமடைப் பாய் மேல் வைத்துப் படம் எடுத்திருந்தான். பச்சையும் சிவப்புமாகக் கரை போட்ட பாய், மூலையில் ஒரு இடத்தில் நூல் பிரிந்திருந்தது. அந்தப் பாயைப் பார்த்ததுமே நம்ம ஊர் ஆள் என்று நம்பிவிட்டேன். போன் பண்ணினால் "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று அவ்வளவு பணிவு. ஸ்டீல் கம்பெனியிலிருந்தே நேராக வருகிறது, கடைக்காரன் கமிஷன் இல்லாததால்தான் இந்த விலை என்றான். அங்கேயே நான் சுதாரித்திருக்கணும். குரூசிபிள் எஃகுத் தகடும் கம்பியும் செய்துவந்த கம்பெனி, மடக்குக்கத்தி செய்து இந்தியாவுக்கு அனுப்புகிற கம்பெனி கிடையாது. போதாததற்கு 2024 டிசம்பரிலேயே திவால் மனு போட்டுவிட்டது. இதெல்லாம் படித்தவன்தான் நான், ஆனாலும் ஆசை கண்ணை மறைத்துவிட்டது. பில் இல்லை, ஜிபே பண்ணச் சொன்னான், பண்ணினேன். பணம் போன கணக்கின் பேரும் பக்கத்தின் பேரும் வேறு வேறு.

கத்தி வந்தது. பார்க்க அருமையாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். திறந்தால் டக்கென்று பூட்டுகிறது, பிடி வழுக்கவில்லை, அலகில் எஸ்30வி என்று சுத்தமாகப் பொறித்திருந்தது. முதல் வாரம் பேப்பரை ரிப்பனாகக் கிழித்தது. புதுக் கத்தி எதுவானாலும் கிழிக்கும், அதை வைத்து முடிவு பண்ணாதீங்க. மூணாவது வாரம் சொட்டுநீர்க் குழாயை அறுக்கும்போது நழுவ ஆரம்பித்தது. வெயிலில் வாயை நிமிர்த்திப் பார்த்தால் நடுவில் ஒரு விரற்கடை நீளத்துக்கு வெள்ளைக் கோடு மாதிரி மின்னியது. நல்ல கூர் வெளிச்சத்தில் மின்னாது, மின்னினால் அங்கே வாய் மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். கீலுக்குப் பக்கத்தில், எலுமிச்சைச் சாறு தங்குகிற இடத்தில், கடுகளவு மூணு துருப்புள்ளி.

எங்க ஊர்ப் பட்டறை ஆசாரியிடம் கொண்டுபோனேன். லாரிப் பட்டையில் அரிவாள் அடித்து அடித்தே எழுபது வயசைத் தாண்டியவர். கத்தியை வாங்கி அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அரத்தை வைத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு அரத்தின் பல்லைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "அரம் நல்லா கடிக்கு தம்பி. தோய்ச்சல் போதாது. எம்புட்டு குடுத்தீரு?" என்றார். சூடாக்கித் தோய்த்துக் கடினப்படுத்துவதைத்தான் தோய்ச்சல் என்கிறார், அது போதாமல் எஃகு மெத்தென்று இருக்கிறதாம். விலையைச் சொன்னேன். அவர் ஒண்ணும் பேசவில்லை, கல்லில் தண்ணீர் தெளித்துப் பத்தே நிமிசத்தில் கூர் ஏற்றிக் கையில் கொடுத்தார். அந்தப் பத்து நிமிசம்தான் எனக்குப் பெரிய சந்தேகத்தைக் கிளப்பியது. 4 சதவீத வனேடியம் உள்ள எஃகு சாதாரணக் கல்லில் அவ்வளவு லேசாகத் தேயாது, வைரத்தூள் பதித்த தகடு இருந்தால்தான் வேலை சீக்கிரம் ஆகும்.

தூத்துக்குடியில் என்னோடு படித்த ஒருத்தன் பழைய இரும்பு வியாபாரம் பண்ணுகிறான். எவர்சில்வர் கழிவைத் தரம் பிரிக்க அவனிடம் துப்பாக்கி மாதிரி ஒரு எக்ஸ்ரே கருவி இருக்கிறது. உலோகத்தின் மேல் வைத்து அழுத்தினால் சில நொடியில் எதெது எவ்வளவு என்று திரையில் வந்துவிடும். அந்தக் கருவியால் கார்பனை அளக்க முடியாது, ஆனால் குரோமியம், வனேடியம், மாலிப்டினம் எல்லாம் காட்டும். அலகைத் துடைத்து மூணு இடத்தில் வைத்தோம். குரோமியம் 13.2. அதைப் பார்த்ததும் ஒரு நிமிசம் மனசு லேசாகிவிட்டது, 14-க்குப் பக்கம்தானே. அடுத்த வரி வனேடியம், 0.06. மாலிப்டினம் வரியே இல்லை. "மக்கா, இது ஓட்டல் கத்தி, ஸ்பூன் எல்லாம் செய்யிற ஜாதிலே" என்றான். மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தேன், அதே எண்தான்.

மனசு கேட்காமல் பாளையங்கோட்டைப் பக்கம் தெரிந்தவர் பட்டறையில் கடினம் அளக்கிற ராக்வெல் மிஷினிலும் வைத்துப் பார்த்தேன். வைரக் கூம்பை 150 கிலோ எடையில் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்கிற மிஷின், எண் கூடினால் கடினம் கூடுதல். 52, 53, 52. ஒழுங்காகப் பதம் வைத்த எஸ்30வி 58-லிருந்து 61 வரை இருக்கும். எஃகைப் பற்றி எந்தப் பெருமையும் அடிக்காத விக்டோரினாக்ஸ் பேனாக்கத்தியே 56 வரும்.

ரெண்டு கருவியும் காட்டிய எண்ணைப் படம் எடுத்து, கத்தி விற்றவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். முதலில் "பேட்ச் வித்தியாசம் அண்ணாச்சி" என்றான். அப்புறம் வாய்ஸ் மெசேஜ் வந்தது, "நீங்க சாணையில் குடுத்து சூடாக்கிட்டீங்க, அதான் ஸ்டீல் போயிருச்சு". இந்தப் பதிலை நிறையப் பேருக்குச் சொல்லியிருப்பான், அதனால் விவரமாகச் சொல்கிறேன். தண்ணீர் இல்லாமல் மின்சாணையில் வைத்தால் வாய் நீலம் பாய்ந்து பதம் போகும், அது உண்மை. கடினம் குறையும். ஆனால் சூடுபட்டு வனேடியம் ஆவியாகிப் போகாது. எஃகில் கலந்தது கலந்ததுதான். அதுவும் என் கத்தி மின்சாணையைக் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது, தண்ணீர் தெளித்த கைக்கல்தான். இதை எழுதி அனுப்பினேன், ரெண்டு நீலக் கோடு விழுந்தது, அன்று ராத்திரியே பிளாக் பண்ணிவிட்டான்.

அதே பக்கத்தில் என் மச்சினனும் ஒன்று வாங்கியிருந்தான், "ஆதிச்சநல்லூர் டமாஸ்கஸ்" என்று 2,500 ரூபாய்க்கு. இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. தாமிரபரணிக் கரையில் முதுமக்கள் தாழிகளோடு இரும்புக் கருவிகள் தோண்டியெடுத்த ஊர், அந்தப் பேரை வைத்து நம்மிடமே பொய் விற்கிறான். இப்போது டமாஸ்கஸ் என்று வருபவை ரெண்டு வகை எஃகை அடுக்கடுக்காகச் சேர்த்து அடித்து, அமிலத்தில் தோய்த்து வரியை வெளியே கொண்டுவருபவை. நிஜமானதென்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வரி மறையும், மறுபடி அமிலத்தில் தோய்த்தால் திரும்ப வரும், ஏனென்றால் வரி உள்ளே இருக்கிறது. அவனுடையதை 400-ஆம் நம்பர் தாளில் தேய்த்தோம், அழிந்தது, வரி எடுக்கிற ஃபெரிக் குளோரைடு கரைசலில் கால் மணி நேரம் போட்டும் வெறும் சாம்பல் நிறம்தான். மேலே லேசரில் வரைந்த கோலம்.

எந்த எஃகு வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் அபிப்பிராயம். எம்390 ஆஸ்திரியாவின் போலர் கம்பெனி எஃகு, குரோமியமே 20 சதவீதம், எலுமிச்சைக்கு அசராது, கூரும் நிற்கும். ஆனால் அந்தப் பேரையும் சும்மா பொறித்து விற்கிறார்கள், விலை மலிவாக இருந்தால் தொடாதீங்க. டி2 விலைக்கு நல்ல எஃகுதான், கூர் நிற்கும். 12 சதவீதம் குரோமியம் இருந்தும் அதில் பாதி கார்பனோடு ஒட்டிக்கொண்டுவிடுவதால் வாழைக்கும் எலுமிச்சைக்கும் ஆகாது, துடைத்து எண்ணெய் போட முடிந்தால் வாங்குங்க. குரோமியம் எண்ணை மட்டும் பார்த்து முடிவு பண்ணக்கூடாது என்பதற்கு 2021-ல் வந்த மேக்னாகட் எஃகு ஒன்றே போதும், குரோமியம் 10.7-தான், ஆனால் எஸ்30வி-யைவிட நன்றாகத் துரு தாங்கும், கார்பன் அதைப் பிடித்து வைக்காதபடி கலவையை அமைத்திருக்கிறார்கள். நம்ம வேலைக்கு நான் சொல்வது ஸ்வீடன் எஃகு 14சி28என். கூர் எஸ்30வி அளவுக்கு நிற்காது, ஆனால் துருப்பிடிக்காது, ஆசாரி கல்லிலேயே ஐந்து நிமிசத்தில் கூர் ஏறும், விலையும் நியாயம். விலை குறைவென்பதால் அதில் போலி அடிக்கிறவனும் குறைவு.

வாங்கும்போது ஜிஎஸ்டி பில்லில் எஃகின் பேரை எழுதிக் கேளுங்க. எழுத மாட்டேன் என்றால் அங்கேயே விட்டுருங்க. பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுங்க. முடிந்தால் தெரிந்த பழைய இரும்புக் கடையில் அந்த எக்ஸ்ரே கருவியில் ஒரு முறை வைத்துப் பாருங்க, வனேடியம் வரியை முதலில் பாருங்க.

நான் 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண், போன் பண்ணிப் பதிந்தேன். பில் இருக்கிறதா என்றுதான் முதல் கேள்வி. பணம் அனுப்பிய ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் கொடுத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, ரெண்டு வருசத்துக்குள் போடணும். புகார் போட்ட ஒரு வாரத்தில் வேறு நம்பரிலிருந்து அழைப்பு வந்தது, "2,000 தாரோம், புகாரை எடுத்துருங்க அண்ணாச்சி". எடுக்கவில்லை.

அந்தப் பக்கம் இப்போது இல்லை. போன வாரம் இன்னொரு பேரில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. இந்தத் தடவை எம்390 என்று போட்டு 8,500 ரூபாய். கத்தி புதுசு, பாய் அதேதான். பச்சையும் சிவப்பும் கரை, மூலையில் நூல் பிரிந்த இடம்கூட அப்படியே இருக்கிறது.